அப்பா பேச்சுன்னா கேப்பா

அந்தக் குடியிருப்பில் அவனுக்குப் பெயர் ஸ்பீக்கர். மூன்றாவது மாடியில் நின்று அவன் "பால் தீந்துபோச்சா?" என்று மனைவியைக் கேட்டால், கீழே படியேறிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் "எங்க வீட்ல இருக்கு, தரட்டுமா?" என்று பதில் சொல்வார். அவன் என்ன செய்வான், பாவம். தொழில் அப்படி. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிற பெரிய சலவைக்கூடத்தில், இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் நிற்பது அவன் வேலை. இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் நுனியைப் பிடித்து உருளைக்குள் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் கொதிக்கக் கொதிக்க வெளியே வருவதை அவனும் இன்னொருவனும் பிடித்து, உதறி, மடிக்க வேண்டும். உருளை ஒரு பக்கம், வரிசையாகத் துவைக்கும் இயந்திரங்கள் மறுபக்கம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் குய்யோ முறையோ என்று அலறும். அங்கே "விடு" என்றாலும் "பிடி" என்றாலும் அடிவயிற்றிலிருந்து வந்தால்தான் உண்டு. மெதுவாகப் பேசுகிறவன் விரலைச் சுட்டுக்கொள்வான். வருஷக்கணக்கில் அப்படியே கத்திப் பழகிய தொண்டை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் சமர்த்தாகிவிடுமா என்ன?

மனைவி அதற்கு நேரெதிர். வாடகைக் கார் கம்பெனி ஒன்றில் தொலைபேசி எடுப்பவள். காற்றுக்கு வலித்துவிடுமோ என்கிற மாதிரி பேசுவாள். "எங்கேருந்து ஏறணும் சார்? இதோ, வண்டி கிளம்பிருச்சு சார்." கோபத்தில் கொதிக்கிறவன்கூட அந்தக் குரலைக் கேட்டால் சரி என்று காத்திருப்பான். இவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டால் அக்கம்பக்கத்துக்கு ஒரு பக்கம்தான் கேட்கும். அவன் ஏதோ தன்னைத்தானே திட்டிக்கொள்வது போல இருக்கும்.

பிள்ளைகள் இரண்டு. பெரியவள் மூன்றாம் வகுப்பு. சின்னவளுக்கு நாலரை வயது, வீட்டில் வாண்டு என்பார்கள். கதை வாண்டைப் பற்றியது. ஆனால் பெரியவளைச் சொல்லாமல் வாண்டைச் சொன்னால் அவனை உங்களுக்குப் புரியாது.

பெரியவள் பிறந்தபோது அவன் இரண்டு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கிளம்பும்போது குழந்தை தூங்கும். திரும்பி வரும்போதும் தூங்கும். அவள் எப்போது குப்புற விழுந்தாள், எப்போது நடந்தாள், முதலில் என்ன வார்த்தை சொன்னாள் என்று யாராவது கேட்டால், அவன் மனைவியின் முகத்தைப் பார்ப்பான். ஒரு விடுமுறை நாளில் பகலில் வீட்டுக்குள் வந்தவனைப் பார்த்து, அந்தக் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டே அம்மாவின் பின்னால் போய் ஒளிந்தது. "அப்பாடா செல்லம், அப்பா" என்று அம்மா அறிமுகம் செய்து வைத்தாள். பெற்ற பெண்ணுக்கு அறிமுகம் செய்து வைக்கிற நிலைமை! அன்றைக்கு அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்தது பிறந்தால் ஒரு நாளைக்கூட விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தான்.

சொன்னபடி செய்தான். வாண்டு பிறந்ததும் ஒரே ஷிப்டுக்கு மாறினான். விடியும் முன்னே போனால் மதியத்துக்குள் வந்துவிடுவான். வருகிற வழியில் விளையாட்டுப் பள்ளியிலிருந்து அவளைத் தோளில் தூக்கிக்கொள்வான். அங்கிருந்து சாயங்காலம் அம்மா வரும்வரை அந்தப் பொழுது முழுக்க அவனுடையது. அவளைக் குளிப்பாட்டுவான். தலை வாரி விடுவான், வகிடு நேராக வராது. ஜன்னலோரம் உட்காரவைத்து முட்டையை ஊட்டுவான். மஞ்சள் கருவை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையை அவன் வாயில் திணிப்பாள். அவள் ஒரு கால் செருப்பை மாட்டுவதற்குள் ஒரு டீயே குடித்து முடித்துவிடலாம். அவன் அவசரப்படுத்தவே மாட்டான். "மாட்டு, மாட்டு, நமக்கு எங்க ரயிலா போகுது?" என்று படியில் உட்கார்ந்துவிடுவான். இந்த விரல்கள் இப்படித் தடுமாறுவது இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அவனுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட அவனைக் கிறங்கடித்தது அவள் பேச்சு. சில எழுத்துகள் அவளுக்கு வராது. சீப்பு அவளுக்கு ஈப்பு. சோப்பு, ஓப்பு. சட்டை, அட்டை. சாவியோ ஆவியாகிவிட்டது. ஒருநாள் எதிர்வீட்டு அக்கா வந்தபோது, "அப்பா, கதவுல ஆவி தொங்குது" என்று வாண்டு சொல்ல, அந்த அக்கா வெலவெலத்துப் போனாள். அவனுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் சாவி கிடையாது, ஆவிதான். "ஆவிய எடுத்துக்கிட்டியா?" என்று அவன் கேட்பான். "ஆவி பைக்குள்ள இருக்கு" என்று பெரியவள் சொல்வாள். மனைவி மட்டும் அவ்வப்போது குழந்தையை முன்னால் நிறுத்தி, "சா... சாவி, சொல்லும்மா" என்பாள். உடனே இவனுக்குக் கோபம் வந்துவிடும்.

"விடேன் அவள! தானா வந்துட்டுப் போகுது. இப்பவே திருத்தித் திருத்தி என்ன கலெக்டர் ஆக்கப் போறியா? கொஞ்ச நாள்ல நீயே வேணும்னு கேட்டாலும் இந்தப் பேச்சு கிடைக்காது."

"அவ வயசுப் பிள்ளைங்கல்லாம் நல்லா பேசுதுங்க."

"பேசட்டும். எனக்கு என் பிள்ள போதும்."

இது ஒரு பக்கம். இன்னொன்றும் இருந்தது, அதுதான் அவனுக்குப் பெரிய பெருமை. வாண்டு யார் சொன்னாலும் கேட்கமாட்டாள். அம்மா கூப்பிட்டால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். பள்ளியிலும் அதே புகார்தான். 'சொன்னா கேக்கறதில்ல, பிடிவாதம் ஜாஸ்தி' என்பார் டீச்சர். ஆனால் அவன் வாசலில் நின்று "வாண்டு!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். "என் பொண்ணு யாரு பேச்சும் கேக்க மாட்டா. அப்பா பேச்சுன்னா கேப்பா" என்று சலவைக்கூடத்தில், அந்த இரைச்சலுக்கு நடுவில், தினமும் ஒருவனையாவது பிடித்துச் சொல்லிவிடுவான். வாயெல்லாம் பல்.

மனைவிக்கு அது எப்படியிருக்கும் என்று அவன் ஒருநாளும் யோசிக்கவில்லை. ஒருதடவை அவளே சொன்னாள். "ஊர்ல எத்தனையோ பேரு என் குரலக் கேட்டு வண்டி ஏறுறாங்க. பெத்த பொண்ணு மட்டும் திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குறா. அப்படி என்னங்க பண்ணிட்டேன் அவளுக்கு?" அவன் சிரித்தான். "குடுத்து வச்சிருக்கணும்" என்று தன் மார்பைத் தட்டிக்கொண்டான். மனுஷனா அவன்?

இப்படியிருக்கும்போது ஒரு விடுமுறை நாள் காலையில் நால்வரும் கடைக்குப் போனார்கள். அவன் உள்ளே பெரியவளுக்கு நோட்டு வாங்கிக்கொண்டிருந்தான். மனைவி வாண்டோடு வெளியே நின்றாள். எதிர்ப்பக்கம் யாரோ ஒருவர் நாயோடு போக, வாண்டு கையை உருவிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

"நில்லு! வாண்டு, நில்லும்மா! வண்டி வருது!"

வாண்டு நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. ரொட்டி ஏற்றிவந்த வேன் ஒன்று கிறீச்சிட்டுக் குழந்தைக்கு ஒரு முழத்தில் நின்றது. மனைவியின் குரல் அதற்குமேல் எழும்பவில்லை. பிரேக் சத்தத்தில் கடையிலிருந்து பாய்ந்து வந்த அவன் "ஏய் வாண்டு!" என்று போட்ட கூச்சலில் நாய்கூட நின்றது. வாண்டு அறைந்து வைத்த மாதிரி நடுத்தெருவில் நின்று, திரும்பி, அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

மனைவி ஓடிப்போய் அவளை இழுத்துவந்து, கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள். "எத்தன தடவ கூப்பிட்டேன்! சொன்னா கேக்கவே மாட்டியா? கேக்கவே மாட்டியா நீ?"

குழந்தைக்கு எதற்கு அடி விழுந்தது என்றே தெரியவில்லை. அழக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அவளை வாரித் தூக்கிக்கொண்டு, தெருவே கேட்க மனைவியிடம் சொன்னான்: "கூப்பிடுற விதமா கூப்பிட்டா கேப்பா. நான் ஒரு சத்தம் போட்டேன், நின்னாளா இல்லையா? அடிச்சா எந்தப் பிள்ள கேக்கும்?"

வேன்காரன் முன்னால், கடைக்காரர் முன்னால், அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "அவளுக்கு என்மேல பாசமே இல்ல" என்றாள், சுவரைப் பார்த்து. அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

மறுநாள் மதியம். பெரியவளுக்குப் பள்ளி அரைநாள்தான். இரண்டும் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தன. அவன் நாற்காலியில் சாய்ந்து, உலகத்தில் தனக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவள் சிவப்பு வண்ணம் கேட்டாள். கேட்கும் முன்னால் தங்கச்சியின் தோளைத் தட்டினாள். வாண்டு நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்து, பிறகு சிவப்பை எடுத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டு, மறுபடி கேள்வி.

"ஏண்டி, அவள ஏன் தட்டிக்கிட்டே இருக்க? பேசாம கேக்க வேண்டியதுதான?"

"தொட்டுட்டுத்தாம்ப்பா சொல்லணும். இல்லன்னா கேக்காது."

"கேக்க மாட்டான்னு சொல்லு. அவதான் யாரு சொன்னாலும் கேக்க மாட்டாளே." அவன் சிரித்தான்.

பெரியவள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிழை திருத்துகிற மாதிரி, "இல்லப்பா, கேக்க மாட்டா இல்ல. அவளுக்குக் கேக்காது" என்றாள்.

அவன் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. கேக்க மாட்டா. கேக்காது. வீட்டில் தினமும் இறைபடுகிற சொல்தான் இது. அம்மா அதைச் சொல்லித் திட்டியிருக்கிறாள், டீச்சர் சொல்லிப் புகார் செய்திருக்கிறார், அவன் சொல்லிப் பீற்றிக்கொண்டிருக்கிறான். இந்தக் குட்டிக் கழுதை மட்டும் அதை வேறு மாதிரி சொல்கிறது.

"சும்மா உளறாத. நான் கூப்பிட்டா வர்றால்ல?"

"நீங்க கூப்பிட்டா கீழ் வீட்டுத் தாத்தாவே வர்றாரு."

அவன் எழுந்தான். வாண்டுக்குப் பின்னால் போய் நின்றான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்து, வீட்டுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தாள். "வாண்டு" என்றான் வழக்கம்போல. உடனே திரும்பினாள். "என்னப்பா?"

"ஒண்ணுமில்லடா, நீ வரை."

அவள் திரும்பிக்கொண்டதும் குரலைத் தணிக்கப் பார்த்தான். அவனுக்கு அது பழக்கமே இல்லாத வேலை. "வாண்டு." அவள் தலை லேசாக அசைந்தது போலிருந்தது. பெரியவளிடம், "இப்ப அம்மா பேசுற மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. இன்னும் கொஞ்சம் கொறைங்க."

குறைத்தான். பெரியவள் 'இன்னும்' என்று கையால் காட்டினாள். இன்னும் குறைத்தான். "இப்ப அம்மா மாதிரிதான்" என்றாள்.

"வாண்டு." பச்சை வண்ணம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. "வாண்டு, இங்க பாரு." பச்சை கூரையைத் தாண்டியது. "வாண்டுக்குட்டி, அப்பா மிட்டாய் வச்சிருக்கேன், வேணுமா?"

உலகத்தில் எந்தக் குழந்தை இதற்குத் திரும்பாது? அவள் பச்சையைக் கீழே வைத்துவிட்டு நீலத்தை எடுத்தாள். இரண்டு சிறிய காதுகளும், நேற்று அவனே கோணலாக எடுத்த வகிடும் கண்ணெதிரே இருந்தன. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்று பெரியவளைக் கேட்டான். அது கேள்வி மாதிரியே வரவில்லை.

"எப்பவுமே தெரியுமே. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்."

"ஏன்டா அப்பாகிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

சாயங்காலம் மனைவி வந்தாள். முந்தைய நாள் கோபம் ஆறவில்லை. பையை மாட்டிவிட்டு அவனைத் தாண்டிப் போனவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தான். அவனால் முடிந்தவரை மெதுவாகத்தான் சொன்னான். எதிர்வீட்டுக் கதவு திறந்து, பிறகு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

அவள் வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, நேத்து ரோட்ல..."

"அவளுக்குக் கேக்கல."

அவள் எழுந்து போய் வாண்டின் முன்னால் மண்டியிட்டாள். வாண்டு தான் வரைந்த பச்சை வீட்டைக் காட்டினாள். கன்னத்தைத் தடவ அம்மா கையைத் தூக்கினாள். குழந்தை சட்டென்று கண்ணை மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவ்வளவுதான். அந்தச் சாதுவான பொம்பளை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தடவயா ரெண்டு தடவயா? பேச்சு சரியில்ல, பேச்சு சரியில்லன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். திருத்தாத திருத்தாதன்னு என் வாய அடச்சீங்க. ஆவியாம் ஆவி! கொஞ்சிக்கிட்டே இருந்தீங்களே, கொஞ்சிக்கிட்டே!"

வாழ்நாளில் முதல்தடவையாக அவள் குரல் அடுத்த வீடுவரை போயிற்று.

ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற பெண் சின்ன வயசுக்காரி, சிரித்த முகம். வாண்டைக் கண்ணாடி வைத்த அறைக்குள் உட்காரவைத்து, தலையில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையை டப்பாவில் போட வேண்டும் என்று சைகையில் விளையாடிக் காட்டினாள். வாண்டு கட்டையைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவனும் மனைவியும். அந்தப் பெண் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினாள். கட்டை கன்னத்திலேயே இருந்தது. இன்னும் அழுத்தினாள். வாண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள், விளையாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்பது போல. போடும்மா, போட்டுடும்மா என்று அவன் உள்ளுக்குள் கெஞ்சினான். பொத்தான் அழுத்துகிறவள் முகத்தில் சிரிப்பு குறைந்த பிறகுதான் முதல் கட்டை விழுந்தது.

"ரெண்டு காதுலயும் பாதிக்கு மேல கேக்கல. பிறந்ததுலேருந்தே இருந்திருக்கும்" என்றாள் அவள். "சத்தமா பேசினா கேக்கும். மெல்லிசான ஒலியெல்லாம் விழாது. 'ச' மாதிரி எழுத்து அவ காதுக்கு வந்தே இருக்காது. கேக்காதத எப்படிச் சொல்வா? பேச்சுல தெரிஞ்சிருக்குமே, கவனிக்கலையா?"

மனைவி அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. கவனிக்கவில்லையா என்று யாரைப் பார்த்துக் கேட்கிறாள்? அவனைவிட அந்தப் பேச்சைக் கவனித்தவன் யார்? ஒவ்வொரு வார்த்தையையும் வாயில் போட்டுச் சப்பிச் சப்பி ரசித்தானே. "நான் என் பிள்ளையோட வியாதியக் கொஞ்சிக்கிட்டு இருந்திருக்கேன்மா" என்றான். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா பேச்சு திரும்பறது ரொம்பக் கஷ்டம்" என்றாள் அந்தப் பெண். "மிஷின் போட்டுடலாம். ஆனா ஒண்ணு, முழிச்சிருக்கிற நேரமெல்லாம் காதுல இருக்கணும். அழுதாலும், பிடுங்கிப் போட்டாலும் மறுபடி மாட்டணும். பாவம் பாத்துக் கழட்டி வச்சீங்கன்னா கெடுக்கறது நீங்கதான்."

காது மிஷின் மாட்டிய அன்று வாண்டு பாட்டரிப் பொம்மை மாதிரி தலையை அங்கும் இங்கும் திருப்பினாள். காகிதம் கசங்கினால் பார்த்தாள். தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டு நின்று, காலைத் தூக்கிப் பார்த்து, மறுபடி தரையில் தேய்த்தாள். அம்மா பின்னாலிருந்து, தன் வழக்கமான குரலில், "வாண்டு" என்றாள். குழந்தை திரும்பியது. அம்மாவின் வாயையே பார்த்தது. "அம்மா, நீயா?" என்றது. மனைவிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவனுக்கும்தான். தன் பங்குக்குக் கையை விரித்து, "வாண்டூ! அப்பாகிட்ட வாடா!" என்றான்.

குழந்தை வீறிட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி, அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

"சார், சார், சாதாரணமா பேசுங்க" என்றாள் மிஷின் மாட்டியவள்.

"இதாம்மா எனக்குச் சாதாரணம்" என்றான். அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். அம்மாவின் பின்னால் போய் ஒளிகிற அந்த ஓட்டத்தை அவன் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறான்.

அதற்குப் பிறகு வந்த மதியங்கள் வேறு மாதிரி ஆயின. குளிப்பாட்டுவான், தலை வாருவான், முட்டை ஊட்டுவான், எல்லாம் பேச்சு மூச்சில்லாமல். வாயைத் திறந்தால் எந்த அளவுக்கு வரும் என்று அவனுக்கே நிச்சயமில்லை. ஒருதடவை மறந்துபோய்க் கூப்பிட, அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறியதைப் பார்த்தான். அதிலிருந்து கையால் காட்டுவது, தலையை ஆட்டுவது, அவ்வளவுதான். மனைவி சாயங்காலம் வந்து சன்னமாக ஏதாவது பாடுவாள். வாண்டு அவள் மடியில் மிஷினோடு காதைச் சாய்த்துக்கொள்வாள். பேச்சுப் பயிற்சி வேறு நடந்தது. இந்த வாரம் 'ச'. அந்த வீட்டுக்குச் சாவி திரும்பி வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். சந்தோஷமும் பட்டான், சத்தியமாக. ஆனால் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, "ஓப்பு" என்று ஒருதடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அதை யாரிடம் சொல்ல முடியும்?

பெரியவள் பள்ளியிலிருந்து தோழி வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள். அவனும் வாண்டும் மட்டும். அவள் முட்டையை மென்றுகொண்டே அவனை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, கோவமா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"பின்ன ஏன் பேச மாட்டேங்குற?"

அவன் கையை விரித்தான். வாண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வலது காதிலிருந்து மிஷினை மெல்லக் கழற்றினாள். இடது காதிலிருந்தும். இரண்டையும் அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள். அவன் முகத்துக்கு நேராக நகர்ந்து உட்கார்ந்து, அவன் வாயையே பார்த்தபடி சொன்னாள்:

"இப்ப கூப்பிடு."

அட கடவுளே! அதைப் பார்த்துவிட்டு எந்தத் தகப்பன் கல்லாக இருப்பான்? மறுபடி மாட்டணும் என்று ஆஸ்பத்திரிக்காரி சொன்னது மண்டையில் அடித்தது. கெடுக்கறது நீங்கதான். தெரியும், எல்லாம் தெரியும். ஆனாலும் அவன் வாய் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

"வாண்டூ!" என்றான், அடிவயிற்றிலிருந்து. "என் தங்கக்கட்டி! என் பொல்லாத வாண்டு!"

அவள் கெக்கலித்துச் சிரித்தாள். வாயில் மஞ்சள் கரு. "இன்னும்!" என்றாள். அவன் இன்னும் சொன்னான். அவள் கால்களை உதைத்துக்கொண்டு, "இன்னும்! இன்னும் அத்தமா!" என்றாள். அந்த 'அத்தம்' காதில் விழுந்ததும் அவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மிஷின் கழன்ற மறுநொடியே 'ச' போய்விட்டது. அவனுக்குப் பிடித்த அந்தப் பழைய வாண்டு இதோ முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிடும் தூரத்தில். வைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், உயிரே போகிற மாதிரி ஆசையாக இருந்தது.

விரல்களைத் திறந்தான். வலது காது. அவள் முகத்தைச் சுளித்தாள், "வேணாம்ப்பா" என்றாள். இடது காது. ஒருமுறை நழுவ, மறுபடி மாட்டினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரியவள் கையால் 'இன்னும், இன்னும்' என்று காட்டிய அளவுக்குக் குரலை இறக்கிப் பேசினான். காற்றும் கரகரப்புமாக ஏதோ வந்தது.

"அப்பா மெதுவா பேசக் கத்துக்கறேன். கொஞ்ச நாள் பொறுத்துக்கறியா?"

வாண்டின் தலை வாசல் பக்கம் திரும்பியது. "அம்மா" என்றாள்.

"அம்மா சாயங்காலம்தான்டா வருவா."

"அம்மா கூப்பிடுறா." அவள் இறங்கி ஓடினாள். அவன் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தான். ஒன்றுமில்லை. வீடு அமைதியாக இருந்தது. பிள்ளைக்கு மிஷினில் ஏதோ இரைச்சல் போலிருக்கிறது என்று எழுந்து பின்னாலேயே போனான். வாண்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டாள்.

வாசலில் மனைவி நின்றாள், இரண்டு கையிலும் பைகளோடு. சீக்கிரம் விட்டுவிட்டார்களாம்.

"எவ்வளவு நேரமா கதவத் தட்டுறேன், பேரச் சொல்லிக் கூப்பிடுறேன். வீட்ல ஒருத்தருக்கும் கேக்கலையா?"

"எனக்குக் கேட்டுச்சு!" என்றாள் வாண்டு, ஸ்டூலின் மேல் நின்று மார்பைத் தட்டிக்கொண்டு. "எனக்குக் கேட்டுச்சும்மா. அப்பாவுக்குத்தான் கேக்கல."

மனைவி சிரிக்க வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. அவன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பைகளைக் கீழே வைத்தாள். ஒரு எட்டு முன்னால் வந்து அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சன்னக் குரலில் ஏதோ சொன்னாள். அவனுக்கு உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது.